பொறியாளர் வேலையில் வழிகாட்டியைத் தேடிப் பிடிப்பது எப்படி: சைட்டிலிருந்து ஒரு முழுக் கையேடு

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம். சென்னைக்கு வெளியே ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட். கம்பியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என் பொறுப்பு. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியின் விட்டம், இடைவெளி, எண்ணிக்கை எல்லாவற்றையும் டேப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. கையெழுத்துப் போடப் போகும்போது கம்பி கட்டும் மேஸ்திரி, “தம்பி, பால்கனிப் பக்கம் ஒரு தடவை வாங்க” என்று கூப்பிட்டார்.

பால்கனியின் மேல்கம்பி மீது உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கம்பி வலை அப்படியே இறங்கி, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைத் தொட்டது. கையை எடுத்தார். பாதி தூரம்தான் திரும்பி வந்தது. “நாளைக்குப் பத்துப் பேர் இது மேலதான் நடப்பாங்க. கம்பி அடியில படுத்துடும். பால்கனிக்குப் பலமே மேல்கம்பிதானே தம்பி?” என்றார்.

பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள கேன்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம் வரும் என்று படம் வரைந்து பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் படமும் என் காலடியில் கிடந்த கம்பியும் ஒன்றுதான் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அன்று மாலை இரண்டு பேரும் உட்கார்ந்து துண்டுக் கம்பியை வளைத்து ‘சேர்’ செய்து, மேல்கம்பிக்கு அடியில் நெருக்கமாக முட்டுக் கொடுத்துக் கட்டினோம். மறுபடி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. “இப்ப போடுங்க கையெழுத்து” என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். என் முதல் வழிகாட்டி. அவர் அன்று கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்தப் பால்கனியில் யாரோ நிற்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் உதாரணங்கள் பெரும்பாலும் சிவில் வேலையிலிருந்து வருபவை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சாஃப்ட்வேர் என்று எந்தத் துறையில் இருந்தாலும் அதை உங்கள் வேலைக்கு மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில், இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

முன்மாதிரி என்பவர் நீங்கள் பார்க்கும் ஆள். வழிகாட்டி என்பவர் உங்களைப் பார்க்கும் ஆள். முன்மாதிரிக்கு உங்கள் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வழிகாட்டிக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வரைந்த படத்தை, எழுதிய கணக்கை, கட்டிய கம்பியை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் பையன்களையும் பெண்களையும் கேட்டால் முன்மாதிரி யார் என்று உடனே சொல்லிவிடுவார்கள். வழிகாட்டி யார் என்றால் விழிப்பார்கள். சுவரில் படம் ஒட்டுவது சுலபம். தன் வேலையை இன்னொருவர் கையில் கொடுத்து, “இதில் என்ன தப்பு?” என்று கேட்பது கஷ்டம். முன்னேற்றம் வருவதோ இந்தக் கஷ்டமான காரியத்தில்தான்.

படி 1: எது தெரியவில்லை என்று எழுதுங்கள்

“எனக்கு ஒரு நல்ல மென்டர் வேண்டும்” என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஒரு தாளை எடுத்து, போன மூன்று மாதத்தில் எங்கெல்லாம் திணறினீர்கள் என்று எழுதுங்கள். சில வரிகள் கையும் கண்ணும் சம்பந்தப்பட்டவையாக இருக்கும்: தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் செங்குத்தைப் பார்ப்பது, கான்கிரீட்டின் பதம் பார்ப்பது. சில வரிகள் கணக்கும் விதிமுறையும் பற்றியவை. இன்னும் சில மனிதர்களைப் பற்றியவை: ஒப்பந்தக்காரர் பில்லில் அளவைக் கூட்டிப் போட்டால் எப்படி மறுப்பது, மேலதிகாரி அவசரப்படுத்தும்போது எப்படிப் பேசுவது.

இந்த மூன்றுக்கும் ஒரே ஆள் கிடைக்க மாட்டார். வாழ்க்கை முழுவதற்கும் ஒரு குரு என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பாட்டுக்கும் பரதத்துக்கும் அது பொருந்தலாம். பொறியாளருக்கு மூன்று நான்கு பேர் வேண்டும். எனக்குக் கம்பிக்கு மேஸ்திரி, கணக்குக்கு ஓய்வு பெற்ற ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர், ஆபீஸ் விவகாரத்துக்கு என்னைவிட நான்கு வருடம் மூத்த ஒரு அக்கா. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை.

படி 2: முன்மாதிரியின் வேலையைப் படியுங்கள்

ஒரு பெரிய மனிதரைப் பிடித்துப்போனால் அவரைப் பற்றிய உற்சாக வரிகளை ஸ்டேட்டஸில் வைப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதைவிட ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவர் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது என்று கடைசிவரை துருவுங்கள்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது ரயில் பாலத்தின் தண்டவாளத்தைத் தாங்கும் கர்டர்களில் பெரும்பாலானவற்றையும் கடல் அடித்துக்கொண்டு போனது. சீரமைக்க ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பலரும் இந்த 46 என்ற எண்ணோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அடுத்த கேள்வி: எப்படி 46? கடலடியில் கிடந்த பழைய கர்டர்களையே மேலே எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். அதாவது புதுப்பொருள் எங்கிருந்து வரும் என்று காத்திருப்பதற்கு முன்னால், கையில் என்ன இருக்கிறது என்று தேடினார்கள். இது நாளைக்கே உங்கள் சைட்டில் பயன்படும் பாடம்.

கலாமின் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ராக்கெட் மேலே போன நாளைவிட, அது கடலில் விழுந்த நாள். 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3இன் முதல் முயற்சி. திட்ட இயக்குநர் கலாம். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறாகி, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருடம் 1980 ஜூலை 18இல் அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்று கலாமைப் போய்ப் பத்திரிகையாளர்களிடம் பேசச் சொன்னார் தவான். இதைக் கலாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தனக்கு ஒரு தலைவர் செய்ததை அவர் மறக்கவே இல்லை. உங்கள் மேலதிகாரி தவறு நடந்த நாளில் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

அவருடைய மாணவப் பருவத்திலிருந்தும் ஒன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்புத் திட்டம் ஒன்றில் கலாமின் வேலை மந்தமாக இருந்ததைப் பார்த்த பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டார். கலாம் இரவும் பகலும் வரைபலகை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தார். இதில் எல்லோரும் கண்டிப்பைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: கெடு வைத்த பேராசிரியர் பிறகு அந்த வரைபலகை இருந்த இடத்துக்கே வந்து, வேலை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று பார்த்தார். மிரட்டுவதோடு போயிருந்தால் அவர் வழிகாட்டி ஆகியிருக்க மாட்டார்.

இன்னொன்று. உங்கள் ஊரில், உங்கள் நிலைமையில் தொடங்கிய ஒருவரையாவது முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ படித்தவர்களிடம் நான் வீரமுத்துவேலைச் சொல்வேன். விழுப்புரம்காரர், அப்பா ரயில்வே டெக்னீஷியன். பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கி, பி.இ., திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநராக இருந்தவர். “நான் வெறும் டிப்ளமோதான் சார்” என்று தலையைக் குனியும் பையனுக்கு இந்த வரிசையைச் சொல்லும்போது அவன் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: எங்கே தேடுவது

பக்கத்தில். சைட்டில் பத்து வருடமாக ஒரே வேலையைச் செய்யும் ஆள் யாராக இருந்தாலும் அவரிடம் உங்களுக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. மேஸ்திரி, ஃபோர்மேன், சர்வேயர், ஸ்டோர் கீப்பர். ‘இன்ஜினீயர்’ என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் நில்லுங்கள்.

அடுத்து, ஓய்வு பெற்றவர்கள். பொதுப்பணித் துறை, மின்வாரியம், ரயில்வே, குடிநீர் வாரியம் என்று முப்பது முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் பொறியாளர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அணை, மேல்நிலைத் தொட்டி, சப்ஸ்டேஷன் என்று கட்டியவர்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் போய்க் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

மூன்றாவது, தொழில்சார் அமைப்புகள். 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்துக்குச் சென்னையில் மாநில மையம் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கான்கிரீட் நிறுவனத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. மாணவர்களும் சேரலாம். அவர்கள் நடத்தும் மாலைநேரச் சொற்பொழிவுக்குப் போனால், கேள்வி நேரம் முடிந்து டீ கொடுக்கும் அந்த 15 நிமிடம்தான் உங்களுக்கான நேரம். பேச்சாளரைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும். அவரை விட்டுவிட்டு, கூட்டத்தில் நல்ல கேள்வி கேட்டாரே ஒருவர், அவரிடம் போய்ப் பேசுங்கள். என் ஸ்ட்ரக்சுரல் சாரை நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

கல்லூரி சீனியர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழி. உங்களைவிட மூன்று முதல் ஐந்து வருடம் மூத்தவர்களாகப் பாருங்கள், உங்கள் இன்றைய சிக்கல் அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

படி 4: முதல் தடவை எப்படிக் கேட்பது

“சார், நீங்க எனக்கு மென்டரா இருப்பீங்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு நேரம், எத்தனை வருடம், என்ன பொறுப்பு என்று எதுவும் தெரியாமல் யாரும் தலையாட்ட மாட்டார்கள். ஒரு சின்னக் கேள்வியோடு போங்கள். அதோடு உங்கள் பதிலையும் கொண்டுபோங்கள். இந்த மாதிரி எழுதலாம்:

“வணக்கம் சார். நான் சிவில் முடித்து இரண்டு வருடமாகச் சைட் இன்ஜினீயராக இருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக் கசிவு பற்றி நீங்கள் கேட்ட கேள்வி மனதில் நின்றது. எங்கள் சைட்டில் இப்போது 1 லட்சம் லிட்டர் தரைத்தொட்டி ஒன்று கட்டுகிறோம். தரையும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப்பரை எப்படி நிறுத்துவது என்பதில் சந்தேகம். படமும் இரண்டு போட்டோவும் அனுப்பியிருக்கிறேன். நான் செய்ய நினைப்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அது சரியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? புதன்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.”

இதில் நீங்கள் யார், ஏன் அவரிடம் வந்தீர்கள், பிரச்சினை என்ன, நீங்கள் எதுவரை யோசித்தீர்கள், எப்போது வேண்டும் என எல்லாம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறதோ நமக்குத் தெரியாது.

நேரில் மேஸ்திரியிடம் கேட்பது இன்னும் எளிது, ஆனால் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். கான்கிரீட் போடும்போது கேட்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, “அண்ணே, காலையில அந்த ஸ்டிரப் வளையத்தைக் கழட்டி மறுபடி கட்டினீங்களே, ஏன்?” என்று கேளுங்கள். கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் அவர் மணிக்கணக்கில் சொல்வார்.

படி 5: உறவை எப்படி நடத்துவது

பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பதில் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வருவதில்லை. அடுத்த சந்தேகம் வரும்போது தலையைக் காட்டுகிறார். முதலில் சொன்னது என்ன ஆயிற்று என்று சொன்னவருக்குத் தெரிவதே இல்லை.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம்: கேட்டது, சொன்னது, செய்தபிறகு நடந்தது. மூன்றாவது கட்டம் நிரம்பியதும் அவருக்கு ஒரு செய்தி அனுப்புவேன். “சார், தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஏழு நாள் வைத்தோம். கசிவு இல்லை.” இரண்டே வரி. வழிகாட்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை இதுதான். பழமும் சால்வையும் அதற்கு அப்புறம்.

அந்த ஸ்ட்ரக்சுரல் சாரிடம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு வீட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கீழே கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டதால், தரைத்தளத்தில் ஒரு தூணை எடுத்திருந்தார்கள். வேறொரு அலுவலகம் கொடுத்த படம். எனக்கு ஏதோ இடறியது, எது என்று சொல்லத் தெரியவில்லை. சார் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதில் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலை மொட்டைமாடியில் வைத்தார். “இந்தப் பாரம் எங்க போய் இறங்குது? விரலை எடுக்காமக் காட்டு.”

தளத்திலிருந்து பீமுக்கு, பீமிலிருந்து இரண்டாம் மாடித் தூணுக்கு, அதிலிருந்து முதல் மாடித் தூணுக்கு என்று விரல் இறங்கியது. தரைத்தளத்துக்கு வந்தபோது தூண் இல்லை. விரல் ஒரு பீமின் நடுவில் போய் நின்றது. சார் பேசவே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த பீமின் அளவைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சாதாரண பீம்களின் அளவேதான். மேலே இரண்டு மாடித் தூண் உட்கார்ந்திருக்கிறது என்பது கணக்கில் வரவே இல்லை. “சார், இது தாங்காது” என்றேன். “சரி. யார்கிட்ட, எப்படிச் சொல்லப்போறே?” என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

படம் போட்டவரைக் குற்றம் சொல்லாமல், அந்த பீமின் கணக்கை மட்டும் அனுப்பித் தரும்படி அன்று இரவே கடிதம் எழுதினோம். மூன்றாவது வரியை அவர் அடித்துத் திருத்தினார், என் கோபம் அதில் தெரிந்ததாம். நான்கு நாளில் திருத்திய படம் வந்தது. இன்றைக்கும் எந்தப் படம் கையில் வந்தாலும் முதல் வேலையாக மொட்டைமாடியில் விரலை வைத்து இறங்கிப் பார்க்கிறேன்.

அவர் அன்று நேராக விடையைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வீடு பிழைத்திருக்கும். அவ்வளவுதான். உங்கள் வழிகாட்டி பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா? சலித்துக்கொள்ளாதீர்கள், அவரை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு அடிக்கடி சந்திப்பது? வேலை சூடாக இருக்கும் காலத்தில் மாதம் இரண்டு முறை, மற்றபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். போகும்போது கையில் ஒரு படமோ கணக்கோ போட்டோவோ இருக்கட்டும். வெறும் கையோடு போனால் பேச்சு சம்பளத்தில் ஆரம்பித்து அரசியலில் முடியும்.

படி 6: வழிகாட்டி தவறும்போது

என் மேஸ்திரியிடமே ஒரு பழக்கம் இருந்தது. கான்கிரீட் கெட்டியாக வந்தால், “கொஞ்சம் தண்ணி விடுங்க, நல்லா ஓடும்” என்பார். சிமெண்டுக்கு ஏற்ற அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் வலிமை குறையும். வாயால் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டார். ஒரு நாள் ஒரே கலவையில், தண்ணீர் சேர்க்காமல் மூன்று கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி), அவர் சொன்ன மாதிரி சேர்த்து மூன்று கியூப் போட்டோம். 150 மி.மீ. கியூப், 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து ஆய்வகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் சேர்த்தவை வெகு குறைந்த பாரத்திலேயே நொறுங்கின. உடைந்த துண்டைக் கையில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரே மற்றவர்களைத் தடுப்பார். வழிகாட்டியோடு முரண்படுவது தப்பில்லை. அளவெடுத்த ஒன்றைக் காட்டி முரண்பட வேண்டும்.

சில நேரம் இது உயிர்ப் பிரச்சினை. கனடாவில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கியூபெக் பாலம் கட்டியபோது ஆலோசகராக இருந்தவர் தியோடர் கூப்பர். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய பாலப் பொறியாளர்களில் ஒருவர். அவர் சொன்னால் சொன்னதுதான். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக அவர் நீட்டினார். பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்ப யாரும் சரியாகத் திருத்திக் கணக்குப் போடவில்லை. வடிவமைப்பை வேறொரு பொறியாளர் பரிசோதிக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. உடல்நலம் சரியில்லாததால் நியூயார்க்கில் இருந்தபடியே வேலையை நடத்தினார்.

1907இல் அடிப்பகுதி உறுப்புகள் வளையத் தொடங்கியதைச் சைட்டில் இருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்து பார்த்தார். கடிதம் எழுதினார். கடைசியில் நேரிலேயே நியூயார்க் போய்ச் சொன்னார். ஆகஸ்ட் 29 அன்று, இனி பாலத்தின் மேல் எடை ஏற்றக் கூடாது என்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அந்தத் தந்தி போனது பாலத்தைச் செய்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு. சைட்டில் வேலை நின்றபாடில்லை. அன்று மாலையே பாலம் ஆற்றில் சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் மோஹாக் பழங்குடியினர்.

அங்கே அளவு தெரிந்த ஆள் இருந்தார். வேலையை நிறுத்தும் அதிகாரம் இருந்தவர் எங்கோ இருந்தார். நடுவில் நின்றவர்கள் பெரியவரின் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். நம் சைட்டுகளில் இதே காத்திருப்பை நான் பார்க்கிறேன், அதனால்தான் இந்தக் கதையை எந்த ஜூனியரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் ஆட்களைக் கீழே இறக்குங்கள். வழிகாட்டிக்குப் போன் அதற்கப்புறம்.

பெண் பொறியாளர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் படிப்பை முடித்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் கேட்டார். பட்டச் சான்றிதழில் அச்சடித்திருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுத வேண்டியிருந்தது. லலிதா தனியாகப் படிக்கக் கூடாது என்று கல்லூரி மேலும் பெண்களைச் சேர்க்க முயன்றது. லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். அந்த த்ரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வேலையில் பங்கெடுத்தார்.

இந்தக் கதையில் வழிகாட்டிகள் செய்தது பாடம் சொல்லிக் கொடுத்தது மட்டுமில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள், துணைக்கு ஆள் சேர்த்தார்கள். உங்களுக்கும் இரண்டு விதமான ஆட்கள் தேவை. வேலையைச் சொல்லிக் கொடுப்பவர் ஒருவர். நீங்கள் இல்லாத அறையில், “இந்தச் சைட்டை அவங்ககிட்ட கொடுங்க, நல்லா பண்ணுவாங்க” என்று சொல்லக்கூடியவர் இன்னொருவர். இரண்டாமவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் சரி. சந்திப்பை அலுவலகத்திலோ சைட்டிலோ பகலில் வையுங்கள். நல்ல வழிகாட்டி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் அவர் உங்களுக்கு வேண்டாம்.

விலக வேண்டிய நேரம்

கற்றுக் கொடுக்கிறேன் என்று சொல்லி மாதக்கணக்கில் இலவசமாகப் படம் போட வைப்பவர், உங்கள் கணக்கைத் தன் பெயரில் கொடுப்பவர், பார்க்காத வேலைக்குக் கையெழுத்துக் கேட்பவர். இந்த மூன்று பேரிடமிருந்தும் மரியாதையாக, சீக்கிரமாக விலகுங்கள். கடைசி ஆளிடமிருந்து அன்றைக்கே.

சண்டை எதுவும் இல்லாமல் உறவு தானாக ஓய்வதும் உண்டு. உங்கள் வேலை வேறு திசையில் போய்விடும். கணக்குக் கேட்கப் போவதை நிறுத்தினாலும் பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

படி 7: இரண்டாம் வருடத்திலேயே நீங்களும் ஆரம்பியுங்கள்

இன்னொருவருக்கு வழிகாட்ட இருபது வருட அனுபவம் தேவையில்லை. நேற்று சேர்ந்த பையனுக்குத் தூணின் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) ஏன் 40 மி.மீ. என்று உங்களால் சொல்ல முடிந்தால் போதும். சொல்லிக் கொடுக்கும்போது உங்களுக்கே எங்கே பிடிபடவில்லை என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உங்கள் வழிகாட்டியிடம் போங்கள்.

போன மாதம் எங்கள் சைட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். படத்தை வைத்துக்கொண்டு கம்பியின் விட்டம், இடைவெளி, எண்ணிக்கை எல்லாம் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார், எல்லாம் சரியா இருக்கு” என்றாள். “வாம்மா, பால்கனிப் பக்கம் போகலாம்” என்று கூட்டிக்கொண்டு போனேன்.